அறுப்புக்கு முந்திய நாட்கள்

எங்கள் படத்தின் அட்டவணையில் முதல் வரியாக இருந்தது ஒரு நாற்றங்கால். 2017 ஐப்பசி தொடக்கத்தில், தோவாளைக்கும் பூதப்பாண்டிக்கும் நடுவே ஒரு சிற்றூரில், வயல் தரச் சம்மதித்திருந்த பாட்டா விதை பாவினார். நான் வரப்பில் உட்கார்ந்து தேதியைக் குறித்துக்கொண்டேன்.

“அம்பை பதினாறாக்கும். நூத்திப்பத்து நாளு. மழை கூடினா அஞ்சு நாளு நீளும். வெயிலு நல்லா அடிச்சா ரெண்டு நாளு கொறையும். ஒனக்க படத்துக்கு என்னைக்கு வேணும்னு நீயே எண்ணிக்கோ மக்கா” என்றார்.

எண்ணினேன். கும்பப்பூ அறுப்பு தை கடைசியில் வரும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணி ஒவ்வொரு காட்சிக்கும் நாள் குறித்தோம். நடவு முடிந்த பச்சைக்கு இரண்டு நாள், கதிர் பால் பிடிக்கும்போது ஒரு நாள், தலை சாய்ந்த பிறகு ஆறு நாள். கால்வாய்க் காட்சிக்குத் தண்ணீர் ஓடவேண்டும். பேச்சிப்பாறை அணையைப் பிப்ரவரி கடைசியோடு அடைத்துவிடுவது வழக்கம், அதனால் அதையும் அறுப்புக்கு முன்பே எடுத்தாகவேண்டும். சினிமாவில் அட்டவணை போடுவது என்றால் நடிகர்களின் கால்ஷீட்டைப் பொருத்துவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எங்கள் படத்தில் கால்ஷீட் கொடுத்தது நெல்.

கதை எளிமையானது. கணவனை இழந்த ஒருத்தி, கடன் நெருக்கி, கடைசி வயலை வீட்டுமனைக்கு விற்கிறாள். விற்ற வயலில் நிற்கும் நெல் மட்டும் அவளுக்கு. அந்த ஒரு அறுப்பை இயந்திரம் இறக்காமல் கையால் அறுக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். நாஞ்சில் நாட்டில் வளர்ந்த யாருக்கும் இதில் புதிதாக ஒன்றும் இல்லை. நான் சைக்கிளில் பள்ளிக்கூடம் போன வழியில் இருந்த வயல்கள் ஒவ்வொன்றாகச் செம்மண் நிரவப்பட்டு, நான்கு மூலையிலும் வெள்ளைக் கல் முளைத்ததை நான் கண்ணால் பார்த்தவன். அந்தக் கற்களைப் பார்த்த நாளிலிருந்து இந்தப் படம் எனக்குள் இருந்தது.

பணம் பதினோரு லட்சம். ஐந்து நண்பர்கள் சேர்ந்து போட்டது. என் பங்குக்கு அப்பா விட்டுப்போன பன்னிரண்டு சென்டை விற்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், “வயலை விக்கப்பிடாதுன்னு படம் எடுக்கதுக்கு வயலையா விக்கப்போற?” என்று கேட்டாள். அதற்குமேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வங்கியில் நகைக்கடன் வாங்கினேன். நகையும் அம்மாவுடையதுதான்.

நிலத்தை விற்றுப் படம் எடுத்த ஒருவர் எங்கள் மாவட்டத்திலேயே இருந்தார் என்பது அப்போது என் மனதில் வேறு கனத்தோடு வந்து உட்கார்ந்தது. ஜே.சி. டேனியல் பிறந்தது அகஸ்தீஸ்வரம். கன்னியாகுமரிக்குப் போகிற வழியில் இருக்கிறது அந்த ஊர். 1926இல் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ என்ற மௌனப்படத்தை எடுத்தவர். எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, கதாநாயகன் வேடம், முதலீடு எல்லாம் அவரே. அவர் எப்படித் தயாரானார் என்பதை இப்போதும் யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். தொழிலைக் கற்றுக்கொள்ள சென்னைக்குப் போனார். ஸ்டுடியோக்காரர்கள் உள்ளேயே விடவில்லை. பம்பாய்க்குப் போய், தான் ஒரு பள்ளி ஆசிரியர் என்றும் மாணவர்களுக்குச் சினிமாவைப்பற்றிச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்றும் சொல்லி உள்ளே நுழைந்தார். கண்ணால் பார்த்ததை வைத்துக்கொண்டு, கருவிகளை வாங்கிக்கொண்டு திரும்பிவந்து, திருவனந்தபுரம் பட்டத்தில் ஸ்டுடியோ போட்டார். நாங்கள் கேமராவையும் லென்ஸையும் அதே திருவனந்தபுரத்தில்தான் வாடகைக்குப் பேசினோம். நாகர்கோவிலிலிருந்து சென்னை எழுநூறு கிலோமீட்டர், திருவனந்தபுரம் எழுபதுக்குள். சாமான் கடையைவிட்டு இறங்கிய நிமிடத்திலிருந்து வாடகை ஓடும் என்பதால் இது பெரிய வித்தியாசம். அந்த வழியில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பம்பாயிலிருந்து பெட்டிகளோடு வந்திறங்கிய அந்த இளைஞரை நினைத்துக்கொள்வேன்.

நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் வந்தது.

காற்று அடித்த அந்தப் பகலைப்பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. எங்கள் வயல் கழுத்தளவு தண்ணீரில் மூழ்கியது. நாங்கள் பார்த்துவைத்திருந்த பலாமரம் வேரோடு சாய்ந்து ஓட்டு வீட்டின் கூரையில் கிடந்தது. மட்டி வாழைத் தோட்டங்கள் எல்லாம் ஒரே திசையில் படுத்துக்கிடந்தன. ஆனால் அதையெல்லாம் நஷ்டம் என்று சொல்ல அன்று எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. எங்கள் ஒலிப்பதிவாளன் கடற்கரை ஊர்க்காரன். அவன் தெருவிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்த படகுகளில் எல்லாம் திரும்பவில்லை. அவன் போன் எடுக்கவில்லை. நாங்கள் போனபோது சர்ச் வாசலில் பெண்களோடு பெண்களாக உட்கார்ந்திருந்தான். படத்தைப்பற்றி அடுத்த நான்கு மாதம் யாரும் பேசவில்லை.

ஆக, ஒரு முழு வருடம் தள்ளிப்போயிற்று. பாட்டா மறுபடி விதை பாவியது 2018 ஐப்பசியில்.

அந்த ஒரு வருடம் இல்லாதிருந்தால் நாங்கள் அரைகுறையாகத்தான் படப்பிடிப்புக்குப் போயிருப்போம். முதலில் மீண்டுவந்தவன் ஒலிப்பதிவாளன்தான். டப்பிங் வேண்டாம், பேசுகிற இடத்திலேயே பதிவது என்று தீர்மானித்திருந்தோம். நாஞ்சில் பேச்சை ஸ்டுடியோவில் வேறொருவர் வாயால் பேசவைத்தால் அது செத்துப்போகும். அவன் ஒரு நோட்டும் பாயும் எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய், களத்துமேட்டில் இரண்டு பகல் இரண்டு இரவு உட்கார்ந்து, கேட்பதை எல்லாம் மணியோடு எழுதினான். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நாலரைக்குக் கோயில் ஒலிபெருக்கி. ஐந்தரைக்கு சர்ச் மணி, காற்று தெற்கேயிருந்து வந்தால் மட்டும். ஆறே காலுக்கு முதல் பஸ், வளைவில் இரண்டு ஹாரன். ஏழரையிலிருந்து மீன்காரரின் டி.வி.எஸ்., அவர் ஊரைவிட்டுப் போக அரை மணிநேரம். நாகர்கோவில் – திருநெல்வேலி ரயில் தூரத்தில் வருவது ஒன்றரை நிமிடம் முன்பே கேட்கும், போன பிறகும் ஒரு நிமிடம் நிற்கும். பகல் இரண்டிலிருந்து மூன்று வரைக்கும் எதிரே அவன் எழுதியிருந்தது ஒரே சொல்: “செம்போத்து.”

அந்த நோட்டைப் பார்த்துத்தான் காட்சிகளுக்கு மணி குறித்தோம். ஆடிமாதக் காற்றில் ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வருகிற இரைச்சலில் எந்த மைக்கும் நிற்காது, அதனால் மழைக்காலத்துக்கென்று எழுதியிருந்த இரண்டு வசனக் காட்சிகளைப் பேச்சில்லாத காட்சிகளாக மாற்றினேன். மாசியில் மண்டைக்காட்டுக் கொடை தொடங்கிவிட்டால் வேன் கிடைக்காது. ஊர்க் கோயிலில் கொடை வந்தால் மூன்று நாள் வில்லுப்பாட்டு. ஒன்றை ஒன்று இடித்துக்கொள்ளாமல் அடுக்கிவைப்பதற்குள் கார்த்திகை ஆகிவிட்டது.

அனுமதிக் கடிதங்கள் தனிக் கதை. காவல் நிலையத்துக்கு ஒன்று, கால்வாய்க்கரையில் நிற்கப் பொதுப்பணித் துறைக்கு ஒன்று. கதையில் ஒரு எருமை இருந்தது. விலங்கு நடித்தால் விலங்குகள் நல வாரியத்தின் முன்அனுமதி வேண்டும் என்பதால், மனதில்லாமல் எருமையை எடுத்துவிட்டோம். கதையில் ஒன்பது வயதுப் பேரன் உண்டு. அவனை எடுக்க முடியாது. குழந்தையை நடிக்கவைப்பதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணிநேரத்துக்குமேல் வேலை கூடாது, இடைவேளையில்லாமல் மூன்று மணிநேரத்துக்குமேல் கூடாது. சம்பளத்தில் இருபது சதவீதமாவது குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாகப் போடவேண்டும். 2017இல் வந்த விதிகள் இவை. படிக்கும்போது மனம் நிறைந்தது. கேமரா போன பிறகும் அந்தப் பிள்ளை வாழவேண்டும் என்று யாரோ யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

கதாநாயகிக்கு அப்படி ஒரு விதி இல்லை.

அவரைக் கண்டுபிடித்தது பாட்டாவின் வயலில்தான். நாற்று நடும் பெண்களுக்கு அவர்தான் முன்னத்தி. ஐம்பது வயதிருக்கும். குரலை உயர்த்தாமலே பன்னிரண்டு பேரை வேலை வாங்குவார். நான் நாகர்கோவிலிலும் திருநெல்வேலியிலும் நாடகக்காரர்கள் இருபது பேரைப் பார்த்து முடித்திருந்தேன். நன்றாக நடிப்பவர்கள்தான், ஆனால் வரப்பில் நடக்கும்போது கால் காட்டிக்கொடுத்துவிடும். இவர் செல்போனில் மகனோடு சண்டை போட்டபடி வரப்பில் நடந்துவந்ததைப் பார்த்த ஒளிப்பதிவாளர் என் கையைப் பிடித்து அழுத்தினார். நடிப்பீர்களா என்று கேட்டபோது அந்த அக்கா சிரித்தார், பத்து நாள் யோசித்தார், சரி என்றார். வசனத்தை நாங்கள் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. சூழ்நிலையைச் சொல்வோம், அவர் தன் பேச்சில் பேசுவார், அதை நான் எழுதிக்கொள்வேன். திரைக்கதையின் பாதி வசனம் அப்படி அவருடையதாக மாறியது.

வீட்டையும் முன்பே பேசி முடித்திருந்தோம். பழைய நாஞ்சில் வீடு. படிப்புரை, தேக்குத் தூண், முன்கட்டில் சங்கிலி போட்ட ஊஞ்சல். கதையின் நாயகி நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பெண், அந்த ஊஞ்சலில் உட்கார்ந்து விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவாள். வீட்டுக்காரர் நல்ல மனிதர், வாடகைகூட வேண்டாம் என்றவர். படப்பிடிப்புக்கு ஆறு வாரம் இருக்கும்போது கூப்பிட்டனுப்பினார். காப்பி வந்தது. குடும்பத்தில் ஒரு நல்ல காரியம் வருகிறது, வெள்ளையடிக்கவேண்டும் என்றார். நாங்கள் நாளை மாற்றிக்கொள்கிறோம் என்றோம். வேறு ஏதோ சொன்னார். கடைசியில் வாசல்வரை வந்து, செருப்பைப் பார்த்துக்கொண்டே, “தப்பா எடுக்காதீங்க தம்பி. அந்தப் பிள்ளை வயல்ல வேலைக்கு வருகவ. முன்கட்டுல, ஊஞ்சல்ல… நாளைக்கி நாலு பேரு பாக்கது” என்றார்.

அவர் ‘பிள்ளை’ என்று சொன்னது அவரைவிடச் சில வயதே இளைய ஒரு பெண்ணை. எனக்குப் பேச்சு வரவில்லை. வரவில்லையே என்று இன்றும் வருந்துகிறேன். பைக்கை எடுத்துக்கொண்டு திரும்பிவந்தேன்.

அன்று இரவு எனக்கு ரோஸி ஞாபகம் வந்தார். டேனியலின் கதையைப் பம்பாய் பயணத்தோடும் ஸ்டுடியோவோடும் நிறுத்திக்கொண்டு அத்தனை மாதமாகச் சொல்லிவந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. ‘விகதகுமார’னின் நாயகி பி.கே. ரோஸி. புல்லறுத்துப் பிழைத்த தலித் பெண், காக்காரிசி நாடகங்களில் நடித்தவர். படத்தில் அவருக்கு சரோஜினி என்ற நாயர் பெண் வேடம். திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் படம் திரையிடப்பட்ட அன்று, அவர் உள்ளே இருந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று பெரியமனிதர்கள் சொன்னார்கள். நாயகியைத் தன் முதல் படத்தைப் பார்க்கவிடவில்லை. நாயகன் அவர் கூந்தல் பூவை எடுத்து முத்தமிடும் காட்சி வந்தபோது கல் பறந்தது, திரை கிழிந்தது. பிறகு அவருடைய குடிசை எரிக்கப்பட்டது. ஊரைவிட்டு ஓடியவர் வந்துசேர்ந்த இடம் எங்கள் நாகர்கோவில். ஒரு லாரி ஓட்டுநரை மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில், நடித்ததையே சொல்லாமல் இங்கே வாழ்ந்து முடித்தார். அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை. டேனியலும் எல்லாம் இழந்து பல்வைத்தியராக வாழ்ந்து 1975இல் மறைந்தார். 1992இலிருந்து கேரள அரசு அவர் பெயரில் பெரிய விருது கொடுக்கிறது. கமலின் ‘செல்லுலாய்ட்’ படம் 2013இல் வந்த பிறகுதான் எங்கள் ஊரிலேயே பலருக்கு இது தெரிந்தது. என் பாட்டி நின்ற ரேஷன் கடை வரிசையில் ராஜம்மாளும் நின்றிருக்கலாம்.

டேனியலைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மொழிக்கே படமில்லாத காலத்தில் ஒருவர் எத்தனையைத்தான் முன்கூட்டி யோசிக்கமுடியும். ஆனால் கேமரா, ஸ்டுடியோ, பணம் எல்லாவற்றையும் தயார்செய்தவர் அந்த ஒரு மாலைநேரத்துக்குத் தயாராகவில்லை. அந்த ஒரு மாலைக்கான விலையை ரோஸி ஆயுள் முழுக்கக் கொடுத்தார். தொண்ணூறு வருடம் கழித்து, ஒலிக்கு நோட்டும் நெல்லுக்கு நாள்கணக்கும் வைத்திருந்த நானும் அதற்குத் தயாராகவில்லை.

மறுநாள் காலையில் அக்காவின் வீட்டுக்குப் போனேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தது வீண். முற்றத்தில் சாம்பல்போட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர், என் முகத்தைப் பார்த்ததும், “வீடு இல்லைன்னுட்டாவளா?” என்றார்.

“உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?”

“ஊஞ்சல்ல இருக்கணும்னு நீங்க சொன்ன அன்னைக்கே தெரியும் மக்களே. நீங்க படிச்ச பிள்ளையளு, ஏதாவது வழி வச்சிருப்பியன்னு நெனச்சேன்.”

பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“நான் நடிக்கேன். எனக்குப் பயமில்ல. ஆனா படம் முடிஞ்சா நீங்க எல்லாரும் போயிருவிய. நான் இஞ்சதான கெடக்கணும்? நாளைக்கி அவிய வயல்லதான நடவுக்கு எறங்கணும்? அதுக்கு என்ன வச்சிருக்கிய?”

என்னிடம் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அதையே அவர் எதிர்பார்த்ததுபோல், தான் யோசித்துவைத்திருந்ததைச் சொன்னார். கால்வாயில் குளிக்கிற காட்சி வேண்டாம், “தலைமுடிய அள்ளி முடிஞ்சிட்டுக் கரையேறி வாறேன், அது போதும்.” அறுப்புக்கு நிற்கிற பன்னிரண்டு பேருக்கும் கூலி அன்றன்றைக்கே, மேற்பார்க்கிற தனக்கும் அவர்களுக்கும் அறுப்பு நாளில் ஒரே கூலி. மகனிடம் ஒருமுறை வந்து முழுக் கதையையும் சொல்லவேண்டும். கடைசியாக, படம் முடிந்ததும் முதலில் தனக்கும் இந்தத் தெருவுக்கும் காட்டவேண்டும், அதற்குப் பிறகுதான் வெளியில் யாருக்கும். “அதுல நல்லால்லன்னு எதையாவது சொன்னா எடுத்துக் களையணும்.”

கடைசி நிபந்தனை எந்த இயக்குநருக்கும் தொண்டையில் நிற்கும். எனக்கும் நின்றது. ஆனால் ரோஸி தன் படத்தைப் பார்க்காமலே போனவர் என்ற நினைப்பு முந்தைய இரவு முழுக்க என்னை உறங்கவிடவில்லை. சரி என்றேன். அட்டவணை நோட்டின் முதல் பக்கத்தில், நாற்றங்கால் தேதிக்கு மேலே, அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரும் போட்டார். ரோஸியின் கதையையும் அன்றே அவரிடம் சொன்னேன். மறைக்கக்கூடாது என்று தோன்றியது. கேட்டுவிட்டு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. “நாகர்கோயில்ல எந்த எடத்துல?” என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்காக மூன்று வாரம் அலைந்தோம். பத்மநாபபுரம் அரண்மனையைக் கேட்டுப்பார்க்கலாமே என்றார் ஒருவர், ‘மணிச்சித்திரத்தாழ்’ எடுத்த இடமாயிற்றே என்று. அது எங்கள் மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது, எங்கள் கைக்கு எட்டாது. ஒரு அரண்மனையில் என் நாயகி கையெழுத்துப் போடவும் முடியாது. கடைசியில் பூதப்பாண்டிப் பக்கத்தில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் கதவைத் திறந்தார். இந்தமுறை வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், யார் நடிக்கிறார், எங்கே வேலை செய்கிறார், எங்கே உட்காருவார் என்று. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உக்காரட்டும். ஊஞ்சல் உக்காரத்தான கெடக்கு.”

அன்று சாயங்காலமே அக்காவை அழைத்துப்போய்க் காட்டினோம். ஒத்திகை என்று யாரும் சொல்லவில்லை. டீச்சர் அவரை ஊஞ்சலில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேருமாக ஒக்கியில் விழுந்த மரங்களைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒலிப்பதிவாளன் ஊஞ்சல் சங்கிலியின் கிரீச்சலைக் கேட்டுவிட்டு எண்ணெய் தேடினான். பிறகு வேண்டாம், அது இருக்கட்டும் என்றான்.

தை கடைசி வாரம் பாட்டா ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து, ஊதி, ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்தார். “நாலு நாளு தாங்கும். அதுக்குமேல கதிரு படுத்திரும், மணி உதிரும்” என்றார். நாங்கள் கேட்டிருந்தது ஆறு நாள். சுற்றிலும் எல்லா வயலிலும் இயந்திரம் இறங்கி முடித்துவிட்டது, எங்கள் துண்டு மட்டும் மஞ்சளாக நின்றது, ஊரிலுள்ள கிளியெல்லாம் அதில்தான். உட்கார்ந்து ஆறு நாளை நான்காக மடக்கினோம். உதிர்கிற நெல்லுக்குப் பாட்டாவுக்கு ஈடு கொடுக்க ஒரு தொகையை ஒதுக்கினோம்.

முதல் நாள் விடியுமுன் வயலில் கூடினோம். பனி இருந்தது. கலை இயக்குநர் வடசேரிச் சந்தையிலிருந்து வாங்கி, மண்ணில் தேய்த்துப் பழசாக்கி வைத்திருந்த அரிவாளை அக்காவிடம் நீட்டினார். அவர் வாங்கி, கட்டைவிரலால் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இது பாக்கத்தான் கொள்ளாம். அறுக்காது.” இடுப்பிலிருந்து தன் அரிவாளை எடுத்தார். பிடியில் நான்கு விரலுக்கும் நான்கு பள்ளம் விழுந்திருந்தது. தொடர்ச்சிக்காக உதவி இயக்குநர் அதை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்றார்கள். கேமரா ஓடத் தொடங்கியது. கிளாப் அடித்தாயிற்று. நான் சொல்ல வாயெடுத்தபோது ஒலிப்பதிவாளன் கை உயர்ந்தது, முகம் சுருங்கியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்கா அதற்குள் குனிந்த முதுகை நிமிர்த்தியிருந்தார். அரிவாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தோவாளைப் பக்கம் பார்த்து நின்றார். மற்றவர்களும் நின்றார்கள். ஒன்றரை நிமிடம் கழித்து ரயில் வந்து, கடந்து போனது. சத்தம் அடங்கக் காத்திருந்து, அடங்கியதும், யாரும் சொல்லாமலே குனிந்து முதல் பிடியை அறுத்தார்.